கான்டூர்: புறக்கோடா, உருவரையா?

ஓவியப் பேச்சில் ‘கான்டூர்’ என்று வந்தால் பலரும் ‘அவுட்லைன்’ என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அவுட்லைன் உருவம் எங்கே முடிகிறது என்பதோடு நின்றுவிடும். அந்த இடத்தில் உருவம் எப்படி வளைந்து பின்பக்கம் போகிறது என்பதையும் காட்டுவது கான்டூர்.

சொல் இத்தாலிய ‘கொந்தோர்னோ’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அடியில் இருப்பது லத்தீன் ‘தோர்னாரே’. கடைசல் பிடித்தல் என்று பொருள். திரட்சி என்ற எண்ணம் வேரிலேயே இருக்கிறது.

பார்த்துப் பழக பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் (Ingres) 1819-இல் வரைந்த வயலின் கலைஞர் பகானினியின் படம் நல்லது. பென்சில் படம், பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

முகத்தில் நிழல் நெருக்கமாக விழுந்திருக்கிறது. மேலங்கிக்கு வந்ததும் கோடுகள் தளர்ந்துவிடுகின்றன. நிழல் குறைவான சட்டைக்கைக்குள்ளும் கை இருப்பது தெரிகிறதே, அது கோட்டின் வேலை. சில இடங்களைக் கவனியுங்கள். வெளிச்சம் படும் பக்கம் கோடு மெலிந்து, சில சமயம் அறுந்தே போகும். எடை தாங்கும் இடத்திலும் நிழல் பக்கத்திலும் அழுத்தம் ஏறும். தாடைக்கோடு கழுத்துக்கோட்டை மறித்து நிற்கும். எது முன்னே, எது பின்னே என்பது அந்தச் சந்திப்பில்தான் தீர்மானமாகிறது. துணி மடிப்பு விளிம்பிலேயே நின்றுவிடாமல் உள்ளே வளைந்து, கையைச் சுற்றிப் போகும்.

பார்த்து வரைபவர்கள் தவறுவதும் இங்கேதான். ஒரே அழுத்தத்தில் சுற்றி வந்து கோட்டை மூடிவிட்டால், உருவம் கத்தரித்து ஒட்டிய காகிதம் போலத் தட்டையாகிவிடும். பிறகு எவ்வளவு நிழல் தீட்டினாலும் எழாது. மென்மையான முனை கொண்ட, மழுங்கிய 4பி பென்சிலை விட்டுவிட்டு, அதைவிடக் கடின முனை கொண்ட எச்பி அல்லது 2எச் பென்சிலைக் கூராகச் சீவி, சொரசொரப்பு இல்லாத தாள் எடுத்துக்கொள்ளுங்கள். சந்திப்புகளை முதலில் குறித்துவிட்டு, இடைக்கோடுகளைப் பிறகு இழுங்கள்.

தமிழில் அவுட்லைனுக்குப் ‘புறக்கோடு’ போதும். கான்டூருக்கு ‘உருவரை’ பொருந்தும்: உருவை வரைவது, உருவுக்கு வரையாக நிற்பது என்று இரு பொருளும் அதில் அடங்கும். அகராதியைப் பார்த்து ‘சமவுயரக்கோடு’ என்று போடுவோரும் உண்டு; அது நிலப்படத்துக்கான சொல், தாடைக்கு ஆகாது. கண்ணைப் பொருளிலிருந்து எடுக்காமல், தாளைப் பார்க்காமல் வரையும் ‘பிளைண்ட் கான்டூர்’ பயிற்சியைத் ‘தாள் பாரா உருவரை’ எனலாம்.