முற்றிய புற்றுநோய்: எந்த எண்ணால் வகுத்தார்கள்?

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிறுவனமான சிடிசி 2017 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை ஒன்றில் நான்கு எண்கள் உண்டு. ஆண்டுக்கு லட்சம் பேரில் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் நகர்ப்புறத்தில் 457, கிராமப்புறத்தில் 442. புற்றுநோயால் இறந்தவர்கள் நகர்ப்புறத்தில் 158, கிராமப்புறத்தில் 180. கிராமத்தில் நோய் வருவது சற்றுக் குறைவு, சாவதோ அதிகம். 'கிராமத்தில் வயதானவர்கள் அதிகம், அதனால்தான்' என்று தள்ளிவிட முடியாது. இரண்டு பக்கமும் ஒரே வயதுக் கலவை இருந்தால் எப்படியிருக்கும் என்று சரிசெய்த பிறகு கிடைத்த எண்கள் இவை.

இதைப் பார்த்ததும் யாருக்கும் முதலில் தோன்றுவது, கிராமத்தில் நோயைத் தாமதமாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான். அதில் உண்மை இருக்கிறது. கூடவே, புகைப்பழக்கம் அதிகமுள்ள கிராமப்புறங்களில் நுரையீரல் புற்றுநோயின் பங்கு கூடுதல், அது எங்கே வந்தாலும் ஆளைக் கொல்லும் ரகம். ஆகவே, முற்றிய நிலையில் கண்டறியப்படுவது எங்கே அதிகம் என்பதைத் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படி எண்ண உட்கார்ந்தால் விடை அவ்வளவு நேராக வருவதில்லை.

முதலில், ஒரு நோயாளி 'முற்றிய நிலை' என்று கணக்கில் ஏறுவது எப்படி? அமெரிக்காவில் 1971இல் தேசியப் புற்றுநோய்ச் சட்டம் வந்தது. அதையடுத்து 1973 முதல் சீர் என்ற பதிவேட்டுத் திட்டம் நாட்டின் சில பகுதிகளில் ஒவ்வொரு புற்றுநோயாளியையும் பதிவு செய்யத் தொடங்கியது. 1992இல் இன்னொரு சட்டம், மற்ற மாநிலங்களிலும் பதிவேடுகள் வர வழி செய்தது. மருத்துவமனைகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற பதிவாளர்கள் இருக்கிறார்கள். பயாப்ஸி முடிவு, ஸ்கேன் அறிக்கை, அறுவை சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றையும் படித்து, நோய் தோன்றிய உறுப்போடு நிற்கிறதா, பக்கத்துத் திசுவுக்கோ நிணநீர் முடிச்சுக்கோ போய்விட்டதா, தொலைவிலுள்ள உறுப்பில் ஊன்றிவிட்டதா என்று குறிப்பார்கள். முதலாவது ஆரம்ப நிலை, மற்ற இரண்டையும் பெரும்பாலும் முற்றிய நிலை என்று எண்ணுவார்கள். நோயாளி எந்த நகரத்து மருத்துவமனையில் படுத்திருந்தாலும், நோய் கண்டறியப்பட்ட அன்று அவர் குடியிருந்த கவுண்டியின் கணக்கில்தான் சேர்வார். கவுண்டி என்பதை மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் நம் மாவட்டத்தைவிடச் சிறியது. தமிழ்நாட்டைவிடப் பரப்பில் சிறிய கென்டக்கி மாநிலத்தில் 120 கவுண்டிகள். நமக்கு 38 மாவட்டங்கள்.

பதிவாளரின் மேசைக்கு வரும் ஒரு பெருங்குடல் புற்றுநோய் அறிக்கையைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். கட்டியோடு சேர்த்து வெட்டியெடுத்த குடல்பகுதியில் எத்தனை நிணநீர் முடிச்சுகளைச் சோதித்தார்கள் என்று ஒரு வரி அதில் இருக்கும். குறைந்தது 12 முடிச்சுகளாவது பார்க்க வேண்டும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் 6 முடிச்சுகளை மட்டும் பார்த்து, எதிலும் நோய் இல்லை என்று எழுதியிருக்கலாம். அவர் ஆரம்ப நிலை. அதே கட்டி பெரிய மருத்துவமனைக்குப் போய், 18 முடிச்சுகளைத் தேடியெடுத்துப் பார்த்ததில் ஒன்றில் புற்றணுக்கள் தென்பட்டிருக்கலாம். இவர் அடுத்த நிலை. உடம்புக்குள் நோய் ஒன்றேதான், பார்த்த கண்தான் வேறு. பெட் ஸ்கேன் இருக்கும் ஊரில் கல்லீரலில் உள்ள சின்னப் புள்ளியும் அகப்படும், இல்லாத ஊரில் அகப்படாது. இந்த வகையில் பார்த்தால், வசதி கூடக்கூட முற்றிய நிலை எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். நேர்மாறாக, வயதாகிவிட்டது, மேல் சோதனை வேண்டாம் என்று விடப்படும் நோயாளிகள் 'நிலை தெரியவில்லை' என்ற பெட்டிக்குள் போகிறார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டுச் சதவீதம் போட்டால், ஒதுக்கப்பட்டவர்கள் அதிகமுள்ள கவுண்டி நல்ல பெயர் வாங்கிவிடும்.

அடுத்தது, எது கிராமம்? இதற்கு அமெரிக்க வேளாண் துறை ஒரு வரிசை வைத்திருக்கிறது. ஒவ்வொரு கவுண்டிக்கும் 1 முதல் 9 வரை ஓர் எண். முதல் மூன்று எண்களும் பெருநகரப் பகுதி, மீதி ஆறும் அதற்கு வெளியே. நாட்டிலுள்ள 3,100க்கும் மேற்பட்ட கவுண்டிகளில் ஏறத்தாழ 2,000 இரண்டாவது வகை. கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கவுண்டி 52,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு. அதன் மேற்கு ஓரத்தில் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய நெரிசலான நகரங்கள், மீதியெல்லாம் மொஹாவி பாலைவனம். கிழக்கு எல்லையில் கொலராடோ ஆற்றங்கரையிலுள்ள நீடில்ஸ் ஊர்க்காரர் கவுண்டித் தலைநகருக்குப் போக 300 கிலோமீட்டருக்கும் மேல் வண்டி ஓட்ட வேண்டும். வேளாண் துறையின் கணக்கில் அவர் பெருநகரவாசி.

இதுவரை சொன்னவை தரவின் சிக்கல்கள். பெரிய குழப்பம் வகுத்தலில் இருக்கிறது. 'முற்றிய நிலை அதிகம்' என்ற ஒரே வாக்கியத்துக்கு இரண்டு கணக்குகள் உண்டு. முற்றிய நிலை நோயாளிகளின் எண்ணிக்கையை ஊரின் மொத்த மக்கள்தொகையால் வகுத்தால், லட்சத்துக்கு எத்தனை பேர் என்ற வீதம் வரும். அதே எண்ணிக்கையைக் கண்டறியப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், நூற்றுக்கு எத்தனை பேர் தாமதமாக வந்தார்கள் என்ற பங்கு வரும். செய்திகளில் இரண்டும் ஒரே பெயரில்தான் உலவுகின்றன. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகவும் கூடும்.

மார்பகப் புற்றுநோயே இதற்கு நல்ல சாட்சி. மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மேமோகிராம் பரவுவதற்கு முன், 1970களின் பிற்பகுதியில், 40 வயதைக் கடந்த அமெரிக்கப் பெண்களில் லட்சத்துக்கு 112 பேருக்கு ஆரம்ப நிலையிலும் 102 பேருக்கு முற்றிய நிலையிலும் நோய் கண்டறியப்பட்டது. முப்பது ஆண்டு மேமோகிராமுக்குப் பிறகு ஆரம்ப நிலை 234 ஆனது, முற்றிய நிலை 94க்குத்தான் இறங்கியது. இந்தக் கணக்கை 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இப்போது வகுத்துப் பாருங்கள். பங்கு என்று பார்த்தால் முற்றிய நிலை கிட்டத்தட்ட 48 சதவீதத்திலிருந்து 29 சதவீதத்துக்கு விழுந்திருக்கிறது, கைதட்டத் தோன்றும். வீதம் என்று பார்த்தால் லட்சத்துக்கு 8 பேர்தான் குறைந்திருக்கிறார்கள். ஆரம்ப நிலையில் கூடுதலாகக் கிடைத்தவர்களில் கணிசமானவர்களுக்கு அந்தக் கட்டி கடைசிவரை தொல்லையே கொடுத்திருக்காது என்பது அந்த ஆய்வாளர்களின் வாதம். எவ்வளவு பேர் என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. அது எப்படியானாலும், மேமோகிராம் எந்திரம் மூலைக்கு மூலை இருக்கும் கவுண்டியில் தீங்கற்ற சின்னக் கட்டிகள் நிறைய அகப்பட்டு, வகுக்கும் எண்ணைப் பெருக்கி, முற்றிய நிலையின் பங்கைக் குறைத்துக் காட்டும். அங்கே ஒரு பெண்கூடக் கூடுதலாகப் பிழைத்திருக்க வேண்டியதில்லை.

சின்ன எண்களின் விளையாட்டு இன்னொன்று. டெக்சஸில் லவிங் கவுண்டியின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 64. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஒரு கோடி. லவிங்கில் ஒருவருக்கு முற்றிய நோய் வந்தால் நாட்டிலேயே மோசமான கவுண்டி, அடுத்த ஆண்டு யாருக்கும் வராவிட்டால் நாட்டிலேயே சிறந்த கவுண்டி. 1980களின் சிறுநீரகப் புற்றுநோய் இறப்பு வரைபடத்தைப் புள்ளியியல் வகுப்புகளில் இதற்காகவே காட்டுவார்கள்: மிக அதிக வீதமுள்ள கவுண்டிகளும் மக்கள் குறைந்த கிராமப்புறம், மிகக் குறைந்த வீதமுள்ளவையும் அதே கிராமப்புறம். 16க்கும் குறைவான நோயாளிகள் இருந்தால் அரசு வெளியீடுகளில் வீதத்தையே அச்சிடாமல் விடுவது இதனால்தான். அந்தரங்கக் காரணமும் உண்டு. அறுபது பேர் ஊரில் 'ஒருவர்' என்றால் யாரென்று தெரிந்துவிடும்.

இவ்வளவையும் கருத்தில் வைத்து இல்லினாய் மாநிலத்தில் ஒரு வேலை நடந்தது. மார்பகம், பெருங்குடல், நுரையீரல், புராஸ்டேட் ஆகிய நான்கு புற்றுநோய்களுக்கும் 1998 முதல் 2002 வரையிலான மாநிலப் பதிவேட்டை எடுத்து, கவுண்டியைவிடச் சிறிய தபால் குறியீட்டுப் பகுதிகளாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். 2009இல் வந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. நோயாளிகளில் முற்றிய நிலையில் வந்தவர்களின் வாய்ப்பு உச்சத்தில் இருந்தது சிகாகோ மாநகரில். நகரிலிருந்து விலக விலக அது குறைந்துகொண்டே போய், மிகவும் ஒதுக்குப்புறமான கிராமங்களில் மட்டும் மறுபடி கொஞ்சம் ஏறியது. காரணம் தூரமில்லை. பக்கத்துத் தெருவில் பெரிய ஆஸ்பத்திரி இருந்தாலும் காப்பீடு இல்லாதவர்கள் உள்ளே போவதில்லை, அப்படிப்பட்ட ஏழைகள் மாநகரின் சில பகுதிகளில் அடர்ந்து வாழ்கிறார்கள். கிராம நோயாளிகளுக்கு வயது அதிகம் என்பதும் அவர்களுக்குச் சாதகமானது: 65 தாண்டிவிட்டால் மெடிகேர் காப்பீடு உண்டு, பரிசோதனைக்கும் அது வழி செய்யும். கிராமம் என்றாலே பின்தங்கியது என்ற வழக்கமான பாட்டுக்கு இல்லினாய் தாளம் போடவில்லை.

எல்லா மாநிலமும் இல்லினாய் அல்ல. அப்பலாச்சிய மலைத்தொடரில் கென்டக்கியின் 54 கவுண்டிகள் அடங்கும். நுரையீரல் புற்றுநோயில் அமெரிக்காவிலேயே முன்வரிசையில் நிற்கும் மாநிலம் அது. அங்கே தாமதம் எப்படி உண்டாகிறது என்பதைப் பெருங்குடல் புற்றுநோயில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். குடல் சுவரில் வரும் சின்ன முளை புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டு பிடிக்கும். அத்தனை அவகாசம் கொடுக்கும் புற்றுநோய்கள் குறைவு. உறுப்போடு நிற்கும்போது பிடித்தால் ஐந்தாண்டு பிழைப்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அளவில், தொலைவுக்குப் பரவியபின் என்றால் பதினைந்து பேரை ஒட்டி.

பிடிக்க வேண்டிய கருவி கொலனோஸ்கோப்பி, கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் சோதனை. முந்தின நாள் திட உணவு கூடாது. மாலையில் பேதி மருந்தைக் குடித்து, இரவெல்லாம் கழிவறைக்கு அலைந்து, காலையில் வெறுங்குடலோடு போய்ச் சேர வேண்டும். மலைப்பாதையில் இரண்டு மணி நேரத்துக்கு அப்பால் மருத்துவமனை இருப்பவரின் நிலையை யோசியுங்கள். மயக்க மருந்து கொடுப்பதால் திரும்பி வரும்போது வண்டி ஓட்டக் கூடாது, ஆகவே உடன் ஓர் ஆள் வேண்டும், இரண்டு பேருக்கும் ஒரு நாள் கூலி போகும். தூரத்தை அளக்கும் ஆய்வுகள் கிலோமீட்டரை மட்டும் அளக்கின்றன, இந்த இரண்டாவது ஆளை அளப்பதில்லை. 2010க்குப் பிறகு அமெரிக்கக் கிராமப்புறங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் உள்நோயாளிப் பிரிவை இழுத்து மூடிவிட்டன என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்கு மாற்றாக ஃபிட் என்ற சோதனை உண்டு. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது. வீட்டிலேயே மாதிரி எடுத்துத் தபாலில் அனுப்பலாம். ரத்தம் இருப்பதாக வந்தால் கொலனோஸ்கோப்பி கட்டாயம், அதாவது பழைய மலைப்பாதைக்கே திரும்ப வேண்டும். அதிலும் ஒரு கேலிக்கூத்து நீண்ட காலம் நடந்தது. நேரடியாகச் செய்யும் பரிசோதனைக் கொலனோஸ்கோப்பி காப்பீட்டில் இலவசம். ஃபிட்டில் சந்தேகம் வந்த பின் செய்தால் அது 'நோய் கண்டறியும் சோதனை' என்று சொல்லிப் பலரிடம் பணம் கேட்டார்கள். தனியார் காப்பீடுகளுக்கு 2022இலும் மெடிகேருக்கு 2023இலும்தான் இந்த ஓட்டையை அடைத்தார்கள்.

தாமதத்துக்குக் காரணம் பரிசோதனை கிடைக்காததா, வேறு ஏதாவதா என்று பிரித்தறியவும் வழியுண்டு. கணையப் புற்றுநோய்க்குப் பொதுமக்களுக்கான முன்பரிசோதனை எதுவும் இல்லை. கண்டறியும்போதே ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தொலைவில் பரவியிருக்கும். அதை ஓர் எடைக்கல்லாக வைத்துக்கொள்ளலாம். ஒரு கவுண்டியில் கணையமும் பெருங்குடலும் இரண்டுமே நாட்டுச் சராசரியை விட முற்றி வந்தால், மருத்துவரிடம் போவதே அங்கே பொதுவாகத் தாமதம். கணையம் சராசரியாக இருக்க, பெருங்குடல் மட்டும் முற்றி வந்தால், கோளாறு முன்பரிசோதனையில்.

மாற்றிக் காட்டிய இடம் டெலவேர். மொத்தமே மூன்று கவுண்டிகள் கொண்ட சின்ன மாநிலம், வடக்கே நகரம், தெற்கே கோழிப்பண்ணைகள். 2000களின் தொடக்கத்தில் அங்கே காப்பீடு இல்லாதவர்களுக்கும் கொலனோஸ்கோப்பிச் செலவை அரசு ஏற்றது. ஆளைத் தேடிப் பிடித்து, நாள் வாங்கிக் கொடுத்து, போக்குவரத்துக்கும் வழி செய்யும் செவிலியர்களை மருத்துவமனைகளில் நியமித்தார்கள். புற்று இருப்பது தெரிந்தால் சிகிச்சைச் செலவையும் ஏற்றார்கள், இதுதான் முக்கியம். வைத்தியம் பார்க்கப் பணமில்லை என்று தெரிந்தவர் சோதனைக்கே வரமாட்டார்.

2002இலிருந்து 2009க்குள் அங்குள்ள கறுப்பின மக்களில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 48 சதவீதத்திலிருந்து 74 சதவீதமானார்கள், வெள்ளையர்களுக்குச் சமமாக. கறுப்பின நோயாளிகளில் நோய் பரவிய நிலையில் வந்தவர்களின் பங்கு 79 சதவீதத்திலிருந்து 40க்கு விழுந்தது. இது பங்கு, மார்பகக் கதையைப் படித்த பின் இதை மட்டும் வைத்து நம்பக் கூடாது. மக்கள்தொகையால் வகுத்த எண்களையும் அங்கே வைத்திருக்கிறார்கள். லட்சத்துக்கு 67 பேருக்கு வந்துகொண்டிருந்த நோய் 44 ஆனது, முளையிலேயே வெட்டியெடுத்ததால். இறப்பு 31இலிருந்து 18 ஆனது. இந்த முறை எதால் வகுத்தாலும் எண் இறங்கியது.