கடற்கரைப் படத்தில் அம்மா ஏன் கறுப்பாக விழுகிறார்?

மெரினாவில் காலை ஆறரை மணி. அலை வரும்போதெல்லாம் அம்மா புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் வருவார். நான் போனை எடுத்தால் போதும், "என்னை விடுப்பா, நான் கறுப்பாத்தான் விழுவேன்" என்று ஒதுங்கிவிடுவார். எங்கள் வீட்டுக் கடற்கரைப் படங்கள் எதிலும் அவர் முகம் தெளிவாக இல்லை. அதற்கும் அம்மாவின் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. தப்பு கேமரா போடும் ஒளிக்கணக்கில் இருக்கிறது.

கேமரா தன் பார்வைக்குள் வரும் ஒளியை எல்லாம் அளந்து, படத்தின் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு வரும்படி வெளிச்சத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறம்தான் புகைப்படக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. வீட்டுக்குள் இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும். கடற்கரையிலோ படத்தின் முக்கால் பங்கும் பளீரென்ற வானமும் நீரும்தான். வெளிச்சம் அதிகம் என்று கேமரா மொத்தத்தையும் குறைத்துவிடுகிறது. வானம் அளவாக வந்துவிடும், மாநிற முகம் இருண்டுபோகும்.

இப்போதைய போன்கள் முகத்தைக் கண்டுபிடித்து அதற்கேற்பச் சரிசெய்யப் பார்க்கின்றன. ஆனால் நேராகப் பார்க்கும் முகம்தான் அவற்றுக்கு எளிது. நமக்கு வேண்டியதோ யாரும் கேமராவைப் பார்க்காத படம். குனிந்து சிப்பி பொறுக்கும் முகத்தையும் பக்கவாட்டில் திரும்பிச் சிரிக்கும் முகத்தையும் போன் பல நேரம் தவறவிடும். அதனால் திரையில் அந்த முகத்தை விரலால் தொடுங்கள். கணக்கு அங்கிருந்து தொடங்கும். பெரும்பாலான போன்களில் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் அந்த அளவு அப்படியே பூட்டிக்கொள்ளும். வானம் கொஞ்சம் வெளுக்கும். வெளுக்கட்டும், நாம் வானத்தை எடுக்க வரவில்லை.

அப்புறம், எங்கே நிற்கிறோம் என்பது. மெரினா கிழக்கு பார்த்த கரை. காலையில் சூரியன் கடல் பக்கம் இருக்கும். கரையில் நின்று கடலைப் பார்த்து எடுத்தால் எல்லோரும் நிழலுருவம்தான். கணுக்கால் நீரில் இறங்கி, கரையைப் பார்த்து எடுத்தால் அதே வெயில் முகத்தில் விழும். மாலையில் சூரியன் நகரத்துக்குப் பின்னால் இறங்குவதால் கரையில் நின்றே எடுக்கலாம். கொழும்பு காலிமுகத்திடல் மேற்கு பார்த்தது, அங்கே இதெல்லாம் தலைகீழ். உச்சி வெயிலில் கண்குழியில் விழும் நிழலைக் காய்ந்த மணல் கீழிருந்து ஒளியைத் திருப்பி ஓரளவு குறைக்கும். ஈர மணல் அவ்வளவு செய்யாது. மணல் துகள்களுக்கு நடுவே நீர் புகுந்துவிட்டால் ஒளி உள்ளேயே அலைந்து பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். ஈர மணல் கறுத்துத் தெரிவதும் அதனால்தான்.

ஓடும் குழந்தை நொடிக்கு மூன்று மீட்டர் போகிறது என்று வையுங்கள். அறுபதில் ஒரு பங்கு நொடி கேமரா திறந்திருந்தால் அதற்குள் 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், படம் கலங்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 3 மில்லிமீட்டர்தான். கடற்கரை வெளிச்சத்தில் அவ்வளவு குறைந்த நேரமே போதும்.

"சிரி" என்று சொல்லி எடுக்காதீர்கள். பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் துஷேன் 1862இலேயே எழுதியது இது: உதட்டை இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசை அப்படி எளிதில் கேட்காது. மனம் மலரும்போது அது தானாகச் சுருங்கும்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து விரல் அழுத்துவதற்குள் கால் நொடி போய்விடும். பல போன்கள் இதற்காகவே, கேமரா திறந்திருக்கும் நேரமெல்லாம் காட்சிகளைத் தொடர்ந்து பிடித்து, சற்று முன்பு கண்டதை நினைவகத்தில் வைத்திருக்கின்றன.

போன மாதம் முழங்கால் நீரில் நின்றேன். பேத்தியின் கையைப் பிடித்திருந்த அம்மாவை ஒரு பெரிய அலை நனைத்தது. கொசுவத்தை விட்டுவிட்டு அவர் சிரித்தபோது முகம் முழுக்க வெயில், கண்ணோரத்தில் மூன்று சுருக்கம். படத்தை அச்சடித்துக் கொடுத்தேன். "இது எப்ப எடுத்தே?" என்றார்.