திருவாரூர் என்று தேடினால் ஏன் எதுவும் வருவதில்லை?

கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். முதுகலை மாணவர்கள் ஆய்வுக் கட்டுரை எழுதும் நேரத்தில் வருஷா வருஷம் வரும் புகார், "சார், நம்ம ஊரப் பத்தி யாருமே எழுதல." போன மாதமும் ஒரு மாணவி, திருவாரூர்ப் பக்கத்துப் பண்ணையாட்களைப் பற்றி ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றார்.

எழுதியிருக்கிறார்கள், நிறையவே. ஆனால் திருவாரூர் தனி மாவட்டமானது 1997-ல்தான், நாகப்பட்டினம் 1991-ல், மயிலாடுதுறை 2020-ல். அதற்கு முன்பு எல்லாமே தஞ்சாவூர், அதுவும் பழைய ஆங்கிலத்தில் டாஞ்சூர். தரவுத்தளத்துக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது, கொடுத்த எழுத்தைத்தான் தேடும். அதனால் பழைய பெயர், புதிய பெயர், 'எச்' விட்டுப்போன தஞ்சாவூர் என எல்லா ஸ்பெல்லிங்கையும் எழுதி, நடுவில் 'அல்லது' என்று பொருள்படும் OR என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டுத் தேடுங்கள். காவிரிக்கும் 'கே'யில் ஒன்று, 'சி'யில் ஒன்று உண்டு.

அப்புறம், 'விவசாயக் கூலி' என்று பொதுவாகத் தேடினால் உலகத்தில் உள்ளதெல்லாம் வந்து கொட்டும். ஜேஸ்டோர் கட்டுரை முழுவதையும் துழாவுவதால், பண்ணையாள், மிராசுதார் போன்ற நம் சொற்களையே ஆங்கில எழுத்தில் அடிப்பது மேல். பண்ணையாட்களைப் பாதுகாக்க 1952-ல் வந்த சட்டத்தின் பெயரிலேயே பண்ணையாள் இருக்கிறது!

ஊர்ப் பெயர்தான் பெரிய பொறி. மானிடவியலாளர் கேத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை இங்கே தங்கி ஆய்வு செய்தார், 1976-ல் திரும்பவும் வந்தார். அவர் எழுதிய கும்பபேட்டை, கிரிப்பூர் இரண்டும் வரைபடத்தில் இல்லாத ஊர்கள். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயின் ஸ்ரீபுரமும் அப்படித்தான். தகவல் சொன்னவர்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று மானிடவியலாளர்கள் பெயரை மாற்றுவது வழக்கம். நிஜ ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தால் இதெல்லாம் கண்ணில் படவே படாது (நானே பல வருஷம் அப்படித்தான் தேடினேன், சொன்னால் வெட்கம்). ஆய்வாளர் பெயரில் தேடி, அவரை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று பார்த்துப் போங்கள். சோத்கங்கா என்ற இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இலவசம். தரம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் கடைசிப் பக்கங்களில் உள்ள நூற்பட்டியல் தங்கம்.

அந்த மாணவி இப்போது பதினோரு கட்டுரை சேர்த்துவிட்டார். இரண்டு மட்டும் எங்கள் சந்தாவில் இல்லை. எழுதியவர்களுக்கே மெயில் போடச் சொல்லியிருக்கிறேன், பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.