வங்கி நொடித்தால் நட்டம் யார் தலையில்?

பழைய வண்ணாரப்பேட்டையில் ஆடிட்டராகத் தொழில் செய்யும் எனக்கு, நாட்டில் பொருளாதார நெருக்கடி என்ற செய்தி வரும்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி வரியைப் பற்றியதாக இருப்பதில்லை. எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரும் துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவரும் ஒன்றுபோலவே, "பேங்க்ல போட்ட பணம் பத்திரமா இருக்குமா சார்?" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, "கவர்மென்ட் பார்த்துக்கும்ல?" என்று அவர்களே பதிலையும் சொல்லிக்கொள்கிறார்கள். அரசு எதை, எவ்வளவு, யாருடைய பணத்தைக் கொண்டு பார்த்துக்கொள்ளும் என்பதை நாடாளுமன்றம்தான் முடிவு செய்கிறது. ஆனால் அந்த முடிவு எடுக்கப்படும் நாளில் நம்மில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

வங்கி நொடிக்கும்போது ஏற்படும் நட்டம் காற்றில் கரைந்துவிடாது. வங்கியின் பங்குதாரர், அதன் கடன் பத்திரத்தை வாங்கியவர், டெபாசிட் போட்டவர், வரி கட்டும் பொதுமக்கள் ஆகிய நால்வரில் யாராவது அதைச் சுமந்தே ஆகவேண்டும். வங்கிச் சட்டம் பற்றிய விவாதம் எத்தனை மணி நேரம் நடந்தாலும், எவ்வளவு கடினமான சொற்களில் நடந்தாலும், அதற்குள் இருப்பது இந்த நால்வரில் யார் முதலில், யார் கடைசியில் என்ற வரிசைதான். ஆகவே ஒரு மசோதாவைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது அந்த வரிசையைத்தான்.

இந்த வரிசை சட்டத்தில் எழுதப்படாத காலமும் நம் ஊருக்குத் தெரியும். இன்று ராஜாஜி சாலை என்று அழைக்கப்படும் கடற்கரைச் சாலையில் இயங்கிய அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபரில் பணம் கொடுப்பதை நிறுத்தியபோது, அதில் சேமிப்பைப் போட்டிருந்த மதராஸ் மக்களுக்குக் காப்பீடும் இல்லை, கண்காணிக்க ஒரு மத்திய வங்கியும் இல்லை. நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குச் சென்றார். ஆனால் அதனால் போட்டவர்களின் பணம் திரும்பிவிடவில்லை. மறு ஆண்டு இந்தியன் வங்கி தொடங்கப்பட்டதற்கு இந்த வீழ்ச்சி ஒரு முக்கியக் காரணம். வங்கிச் சட்டங்களில் ஏறக்குறைய ஒவ்வொன்றின் பின்னாலும் இப்படி ஒரு வீழ்ச்சி இருக்கிறது. 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. 1961இல் நாடாளுமன்றம் வைப்புக் காப்பீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 1962 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,500 ரூபாய் வரை பாதுகாப்பு என்று தொடங்கிய அந்தத் தொகை, படிப்படியாக உயர்ந்து 1993இல் ஒரு லட்சமாகி, அதன்பின் 27 ஆண்டுகள் அசையாமல் நின்றது.

அப்படி அது அசையாமல் நின்ற காலத்தில்தான், 2017 ஆகஸ்டில், நிதித் தீர்வு மற்றும் வைப்புக் காப்பீட்டு மசோதா மக்களவையில் அறிமுகமானது. நொடிக்கும் வங்கியை அரசுப் பணத்தால் மீட்பதற்குப் பதிலாக, வங்கிக்குக் கடன் கொடுத்தவர்களின் உரிமையைக் குறைத்தோ அதைப் பங்காக மாற்றியோ வங்கியை நிமிர்த்தலாம் என்று அதன் 52ஆவது பிரிவு சொன்னது. டெபாசிட் போட்டவரும் சட்டத்தின் கண்ணில் வங்கிக்குக் கடன் கொடுத்தவர்தான் என்பது அன்றுதான் பலருக்கு உறைத்தது. வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டி, எஃப்.டி.யை உடைத்துத் தங்கம் வாங்கிவிடலாமா என்று கேட்டு வந்தவர்கள் பலர். காப்பீடு பெற்ற தொகையை அந்தப் பிரிவு தொடாது என்று மசோதாவிலேயே எழுதியிருந்தது. காப்பீட்டுக்கு மேற்பட்ட டெபாசிட்டுக்கு, பிணையில்லாமல் வங்கிக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு முந்திய இடத்தையும் அது கொடுத்தது. ஆனால் காப்பீடு எவ்வளவு என்ற எண் மட்டும் மசோதாவில் இல்லை. அதைப் புதிதாக அமையவிருந்த ஒரு கழகம் பின்னர் முடிவு செய்யும் என்று விட்டுவிட்டார்கள். மக்களின் பயம் மிகைப்பட்டது என்றே அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். இருந்தாலும் போட்ட பணத்தில் எவ்வளவு பத்திரம் என்று அவர்கள் கேட்ட கேள்வி சரியானது. மசோதா கூட்டுக் குழுவுக்குப் போய், 2018 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. பயம் அடங்கியது, கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

பதில் 2019 செப்டம்பரில் வேறு வடிவில் வந்தது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பி.எம்.சி. கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்து, ஒருவர் 1,000 ரூபாய் மட்டுமே எடுக்கலாம் என்று முதலில் அறிவித்தது. 2020 பிப்ரவரி 4 அன்று காப்பீட்டு வரம்பு 5 லட்சமாக உயர்ந்தது. ஆனாலும் அன்றைய சட்டப்படி, வங்கி கலைக்கப்பட்டாலோ இணைக்கப்பட்டாலோதான் காப்பீட்டுப் பணம் கைக்கு வரும்; கட்டுப்பாட்டிலேயே வங்கி இழுத்துக்கொண்டு கிடந்தால் காத்திருக்க வேண்டியதுதான். இந்த ஓட்டையை 2021 ஆகஸ்டில் இரு அவைகளும் நிறைவேற்றிய திருத்தம் அடைத்தது. இப்போது பணம் எடுக்கத் தடை விதிக்கப்பட்ட 90 நாட்களுக்குள் 5 லட்சம் வரை கொடுக்கப்பட வேண்டும் என்பது பொது விதி. பி.எம்.சி.யில் அதற்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு, அந்த வங்கியை வேறொரு வங்கியோடு இணைத்த திட்டத்தின்படி பாக்கி 10 ஆண்டுகள் வரை தவணையாகத் தரப்படுகிறது.

இதோடு சென்னையில் தலைமை அலுவலகம் கொண்டிருந்த லட்சுமி விலாஸ் வங்கியை ஒப்பிட்டால், சட்டத்தின் வரிசை கண்ணுக்குத் தெரியும். 2020 நவம்பர் 17 அன்று 25,000 ரூபாய் உச்சவரம்புடன் தடை வந்தது. 27ஆம் தேதி வங்கி டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்கள் ஒரு ரூபாயும் இழக்கவில்லை. பங்குதாரரின் பங்குகள் முழுவதுமாக அழிந்தன. 318 கோடி ரூபாய் கடன் பத்திரங்களும் அப்படியே கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. "ஷேரும் எஃப்.டி.யும் ஒரே பேங்க்லதானே சார் இருந்துச்சு?" என்று ஒருவர் கேட்டார். வங்கி ஒன்றுதான், வரிசையில் இடம்தான் வேறு.

இத்தகைய திருத்தங்கள் எப்படி நிறைவேறின என்பதையும் பார்க்க வேண்டும். கூட்டுறவு வங்கிகளை ரிசர்வ் வங்கியின் பிடிக்குள் இன்னும் இறுக்கமாகக் கொண்டுவந்த 2020ஆம் ஆண்டுத் திருத்தம், ஜூனில் அவசரச் சட்டமாகப் பிறந்து, செப்டம்பர் 22 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த அன்றைய தினம் சுமார் மூன்றரை மணி நேரத்தில் ஏழு மசோதாக்கள் நிறைவேறின. கூட்டுறவுச் சங்கம் மாநிலங்கள் சட்டம் இயற்றும் மாநிலப் பட்டியலில், வங்கித் தொழில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் ஒன்றியப் பட்டியலில் என்ற கூட்டாட்சிச் சிக்கல் ஒன்றே நாள் முழுக்கப் பேசப்பட வேண்டியது. அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமும் இல்லை. அதற்கு முன், மார்ச் 23 அன்று, ஆண்டின் நிதி மசோதா விவாதமே இல்லாமல் நிறைவேறியிருந்தது. தொற்றுக் காலம் என்ற காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அரசின் நிதிப் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3.5 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டு 9.2 சதவீதத்தில் முடிந்த ஆண்டு அது. அப்படிப்பட்ட ஆண்டில் கணக்குக் கேட்கும் வேலை குறைந்தது எனக்கு நெருடுகிறது. கூடுதலாக அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

டெபாசிட்தாரரைத் தாண்டி, நான்காவது ஆளான வரி கட்டுபவரிடம் வருவோம். பொதுத்துறை வங்கிகளில் வாராக்கடன் குவிந்து மூலதனம் கரைந்தபோது, 2017 அக்டோபரில் அரசு 2.11 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது, அதில் 1.35 லட்சம் கோடி மறுமூலதனப் பத்திரங்கள். இதன் இயக்கம் விசித்திரமானது. அரசு பத்திரம் வெளியிடுகிறது. வங்கி தன்னிடமுள்ள பணத்தால் அதை வாங்குகிறது. அந்தப் பணத்தையே அரசு மூலதனமாக வங்கிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இடது பையிலிருந்து வலது பைக்குப் போவதுபோல் தெரியும் இந்த ஏற்பாட்டில் அரசின் கையிலிருந்து அன்று ரொக்கம் வெளியேறுவதில்லை. எனவே நிதிப் பற்றாக்குறையில் அது ஏறுவதும் இல்லை. ஆனால் பத்திரத்துக்கு ஆண்டுதோறும் வட்டி உண்டு, முதிர்வில் அசலும் உண்டு. 2016-17 முதல் 2020-21 வரையிலான ஐந்து ஆண்டுகளில் இந்த வழியில் மட்டும் 2.76 லட்சம் கோடி ரூபாய் சென்றது; பட்ஜெட்டிலிருந்து நேரடியாகச் சென்றது சுமார் 35,000 கோடி. வங்கியில் டெபாசிட்டே இல்லாத, காசிமேட்டில் மீன்கூடை சுமக்கும் பெண்ணும் சோப்பு வாங்கும்போது கட்டும் ஜி.எஸ்.டி.யில் இதன் ஒரு துளி இருக்கிறது.

இது அவைக்கு எந்த வடிவில் வருகிறது? பெரும்பாலும், பட்ஜெட்டுக்கு மேற்பட்ட செலவுக்கு அவையின் அனுமதி கேட்கும் துணை மானியக் கோரிக்கையில் ஒரு வரியாக. 2020 செப்டம்பரில் வந்த துணை மானியக் கோரிக்கையின் மொத்தத் தொகை 2.35 லட்சம் கோடிக்கும் மேல். அதற்குள் வங்கி மறுமூலதனம் 20,000 கோடி. அரசமைப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு அனுமதிக்கும் வழிதான் இது. முறைகேடு ஒன்றும் இல்லை. வங்கிகளை அப்போது தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் விளைவு மோசமாக இருந்திருக்கும் என்றும் நான் நம்புகிறேன். என் குறை, எந்தக் கடன் ஏன் வாராமல் போனது, அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள் அந்த ஒரு வரியோடு சேர்த்து வாக்கெடுப்புக்கு வருவதில்லை என்பதுதான்.

இனி, என் மேசைக்கு வரும் பாஸ்புக்குகளில் அடிக்கடி கண்ணில் படுவதைச் சொல்ல வேண்டும். 5 லட்சம் என்பது ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளைகளும் எல்லாக் கணக்குகளும் சேர்த்து, அசலும் வட்டியும் அடக்கமாக. தண்டையார்பேட்டை கிளையில் 5, ராயபுரம் கிளையில் 5 என்று பிரித்துப் போட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகாது. வங்கியே வேறாக இருக்க வேண்டும். தனி உரிமையாளராகக் கடை நடத்துபவரின் கடைக் கணக்கும் அவருடைய சொந்தக் கணக்கும் ஒன்றாகவே கூட்டப்படும். பங்காளிகள் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனத்தின் கணக்கு தனி. கணவன் மனைவி பெயரிலான கூட்டுக் கணக்கு, தனிப் பெயர்க் கணக்கிலிருந்து வேறாகப் பார்க்கப்படும். அதே வங்கியில் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) வாங்கியிருந்தால், அந்தப் பாக்கியைக் கழித்துக்கொள்ள வங்கிக்கு உரிமை உண்டு, மிச்சத்துக்குத்தான் காப்பீடு. இந்தக் காப்பீட்டுக்கான பிரீமியத்தை வங்கிதான் கட்டுகிறது. அது 2020 ஏப்ரலில் 100 ரூபாய்க்கு ஆண்டுக்கு 10 பைசாவிலிருந்து 12 பைசாவாக உயர்ந்தது.

இந்தக் காப்பீடு வங்கிகளுக்கு மட்டுமே. மில் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர் நடத்திய சிக்கன நாணயச் சங்கங்கள் வடசென்னையில் பல குடும்பங்களைக் கரையேற்றியவை. அவற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவற்றுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இந்த 5 லட்சம் பொருந்தாது. போர்டில் 'நிதி லிமிடெட்' என்று எழுதியிருப்பதை வங்கி என்று நம்பி ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே பணம் சிக்கினால், தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், நாடாளுமன்றம் 2019இல் இயற்றிய முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டமும் துணைக்கு வரலாம். அது காவல்துறை, நீதிமன்றம், சொத்து முடக்கம், ஏலம் என்று நீளும் வழி.

புதிய வங்கி மசோதா வரும்போது முழுவதையும் படிக்க எல்லோருக்கும் இயலாது. அதன் இறுதியில் இணைக்கப்படும் நோக்கக் காரண விளக்கவுரையையும் நிதிக் குறிப்பையும் மட்டும் படித்தாலே, அரசின் வரவுகள் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து பணம் போகுமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். மசோதா குழுவுக்கு அனுப்பப்பட்டால், பொதுமக்களின் கருத்தைக் கேட்டு விளம்பரம் வருவது வழக்கம். வணிகர் சங்கங்களும் ஓய்வூதியர் சங்கங்களும் அதற்கு இரண்டு பக்கத்தில் எழுதியனுப்பலாம்.

5 லட்சம் என்ற எண்ணை உயர்த்தவோ, புதிய மசோதாவே தேவையில்லை. ஒன்றிய அரசின் முன் ஒப்புதலுடன், இந்தக் காப்பீட்டை இப்போது நடத்தும் வைப்புக் காப்பீட்டுக் கழகமே உயர்த்திக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. விலைவாசிக்கு ஏற்ப அது தானாக உயரவும் செய்யாது, உயர்த்தாமல் விட்டால் அவையில் விவாதத்துக்கும் தானாக வராது. 1993க்குப் பின் நடந்தது அதுதான். இதை எழுப்ப உறுப்பினர்களுக்கு இருக்கும் எளிய வழி கேள்வி நேரம். வடசென்னைத் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு அந்தக் கேள்வியை எழுதிக் கொடுக்க எந்தச் சங்கத்துக்கும் தடையில்லை.