கோயில் சங்கம் என்றாலும் கணக்கைக் கேளுங்கள்

போன வாரமும் ஒரு பாஸ்புக் என் மேசைக்கு வந்தது. அட்டையில் மாதா படம், ஊர்க் கோயிலின் பெயர், அதற்குக் கீழே 'நலச் சங்கம்' என்று அச்சடித்திருந்தது. பதிவு எண் எழுதுவதற்கு ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோட்டின் மேல் எதுவும் இல்லை. உள்ளே புரட்டினால் மாதாமாதம் வரவு இருக்கிறது, ஆனால் வருடம் முழுவதற்கும் ஒரே மை, ஒரே சாய்வு. மாதம் ஒருமுறை எழுதிய பக்கம் இப்படி இருக்காது. தணிக்கை செய்கிறவர்கள் இதை முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்கள்: யாரோ ஒரே நாளில் உட்கார்ந்து மொத்தமாக எழுதியிருக்கிறார்கள்.

கொண்டுவந்த அம்மா கடற்கரை ஊர்க்காரர். கணவர் பஹ்ரைனில் மீன்பிடி வேலைக்குப் போயிருக்கிறார். மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணம். ரசீது ஏதாவது வாங்கினீர்களா என்று கேட்டேன். "கோயில்ல உள்ளதுதானே சார். கேட்டா சாமியாரு வருத்தப்படுவாருன்னு கேக்கல" என்றார்.

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கடற்கரையில் கேட்கிறேன், மார்த்தாண்டம் பக்கம் கேட்கிறேன், சி.எஸ்.ஐ. சபை ஆட்களிடமும் கேட்கிறேன். அங்கே சாமியாருக்குப் பதிலாகச் சபைப் போதகரை ஐயர் என்பார்கள், அவ்வளவுதான். அதனால் இந்த ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

கடன் சங்கம் என்றால் உறுப்பினர்களே பணம் சேர்த்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்வது. கோயில் சார்ந்த கடன் சங்கத்தில் கோயிலின் வேலை, யார் உறுப்பினராகலாம் என்று எல்லை வகுப்பது. ஒரே பங்கு (ஒரு கோயிலுக்கு உட்பட்ட வீடுகள்), ஒரே சபை, ஒரே ஊர் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பவர்களுக்குக் கடன் வாங்குகிறவரின் கை சுத்தம் தெரியும், அவருக்கும் ஊரில் முகம் காட்ட வேண்டியிருக்கும். 1860களில் ஜெர்மனியில் ராய்ஃபைசன் என்பவர் கிராமக் கடன் சங்கங்களைத் தொடங்கியது இந்தக் கணக்கில்தான். அந்தப் பரிச்சயம் கடனைத் திருப்பி வாங்க உதவும். போட்ட பணத்துக்கு உத்தரவாதம் ஆகாது. சங்கம் கோயில் வளாகத்தில் இயங்கலாம், பங்குத்தந்தை தலைவராக இருக்கலாம், ஆயரே வந்து திறந்து வைத்திருக்கலாம். சங்கம் நொடித்தால் ஆயரின் நிர்வாகமான மறைமாவட்டம் உங்கள் பணத்தைத் தர வேண்டும் என்று எந்தக் காகிதமாவது சொல்கிறதா, எடுத்துப் பாருங்கள். கோயில் சொத்து வேறு, சங்கத்தின் சொத்து வேறு. பங்குத்தந்தை சில வருடங்களில் மாற்றலாகிப் போவார். கணக்கு எழுதுகிறவர் அதே நாற்காலியில் இருப்பார். நீங்கள் நம்பியது யாரை, உங்கள் பணம் யார் கையில் இருக்கிறது?

இதில் வெளிநாட்டுப் பிள்ளைகளின் அறிவுரை வேறு. "நானும் இங்கே சர்ச் கிரெடிட் யூனியனில்தான் கணக்கு வைத்திருக்கிறேன், பயப்படாதீங்க" என்று அமெரிக்காவிலிருந்து மகன் சொல்கிறான். கிரெடிட் யூனியன் என்பது அந்த ஊர்க் கடன் சங்கம். அவன் சொல்வது அவன் ஊருக்குச் சரி. அமெரிக்காவின் முதல் கிரெடிட் யூனியனே ஒரு பங்குக் கோயிலில் பிறந்ததுதான்: 1908-இல் நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டரில், பிரெஞ்சு பேசும் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய செயின்ட் மேரிஸ். ஆனால் இன்று அங்கே கூட்டாட்சிக் காப்பீடு உள்ள யூனியனில் ஒருவர் போடும் பணத்துக்கு 2,50,000 டாலர் வரை அரசு ஆதரவுள்ள நிதி பொறுப்பேற்கிறது. அந்த நிதியே 1970-இல்தான் வந்தது. இங்கே வங்கிகளுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. கடன் சங்கங்களுக்கு அது கிடையாது. முறையாகப் பதிவு செய்த சங்கமாக இருந்தாலும் கிடையாது. மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

சங்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும் நம் குமரி மாவட்டத்தில் அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது. 1970களிலிருந்து நம் கடற்கரையில் எழுந்த மீனவர் சங்கங்கள், மீன் விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கடனுக்கும் ஒரு பகுதியைச் சேமிப்புக்கும் பிடித்துக்கொண்டு, வியாபாரியிடம் அடகு கிடந்த எத்தனையோ வள்ளங்களை மீட்டன. அங்கே உறுப்பினர்கள் கணக்குக் கேட்டார்கள். கடன் சங்கத்தில் சேர்ந்தால் நீங்கள் வாடிக்கையாளர் கிடையாது, முதலாளி. ஆயிரம் ரூபாய் பங்குத்தொகை போட்டவருக்கும் ஒரு ஓட்டு, லட்சம் போட்டவருக்கும் ஒரு ஓட்டு. அப்புறம், உறுப்பினராகப் போடும் பங்குத்தொகையும் டெபாசிட்டாகப் போடும் வைப்புத்தொகையும் ஒன்றில்லை. நஷ்டம் வந்தால் முதலில் கரைவது பங்குத்தொகை, அதை நினைத்த நேரத்தில் எடுக்கவும் முடியாது. ரசீதில் எந்தத் தலைப்பில் வரவு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சேருவதற்கு முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1983-ஆம் வருடத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழில் 1975-ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டம் என்று இருக்கும். அது மன்றம், நற்பணிக் குழு நடத்துவதற்கான பதிவு. அதை வைத்துக்கொண்டு டெபாசிட் வாங்கி வட்டிக்கு விட முடியாது. சந்தேகம் இருந்தால் நாகர்கோவிலில் கூட்டுறவுச் சங்கங்களின் இணைப்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ரிசர்வ் வங்கி உரிமம் இல்லாமல் பெயர்ப்பலகையில் 'பேங்க்' என்று எழுதியிருந்தால் அந்தப் படி ஏறவே வேண்டாம். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கியே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

கடைசியாகத் தணிக்கை முடிந்த வருடம் எது, பொதுக்குழு எப்போது கூடியது, தவணை தவறிய கடன் எவ்வளவு, நிர்வாகக் குழுவின் சொந்தக்காரர்கள் எவ்வளவு வாங்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற செயலாளரிடம் பணம் கொடுக்காதீர்கள். வங்கியைவிட ரொம்ப அதிக வட்டி தருவதாகச் சொன்னால், அதைவிட அதிக வட்டிக்கு யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றி இனியும் தன்மையாகச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்று அன்பியக் கூட்டம் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் கூடும் ஜெபக் கூட்டம்) முடிந்து வாசலில் நின்று போட்டுவிடுகிறீர்கள். சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்காரரின் பொறுப்பும் சமம். கடன்காரரை விட்டுவிட்டு உங்களைத் தேடி வரவும் சங்கத்துக்கு உரிமை உண்டு. தொகை எழுதாத பத்திரத்தில் அண்ணனுக்காகக்கூடக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடலுக்குப் போகும் வீடுகளிடம் ஒரு வேண்டுகோள். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகும் நான் பார்க்கும் பாஸ்புக்குகளில் நியமனதாரர் (நாமினி) இடம் காலியாகவே கிடக்கிறது. கடலில் காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள, சாதாரணமாக ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் வாரிசுச் சான்றுக்கு அலைய வேண்டாமே. அவர் கரையில் இருக்கும்போதே மனைவி பெயரை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பதிவில்லாத சங்கத்தில் பணம் போட்டவர்கள், திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், நகலில் தேதியும் கையொப்பமும் வாங்குங்கள். தரவில்லையென்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். முதலீட்டாளர் நலன் காக்கும் 1997-ஆம் வருடச் சட்டத்தில் நடத்தியவர்களின் சொத்தை முடக்க வழி இருக்கிறது. வழக்கு இழுக்கும்தான். ஆனால் சொத்தை விற்றுக் கைமாற்றிய பிறகு கொடுக்கிற புகாரால் கிடைப்பது ரொம்பக் குறைவு. பதிவுள்ள சங்கத்தில் முறைகேடு நடந்தால் இணைப்பதிவாளரிடம் மனு கொடுங்கள். கூட்டுறவுச் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் விசாரணைக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. கோயில் பெயர் கெட்டுவிடும் என்று சொல்லி உங்களைத் தடுப்பார்கள். மனுவில் கோயிலின் பெயரை இழுக்க வேண்டியதே இல்லை. சங்கத்தின் பெயர், பணம் வாங்கியவர் பெயர், தேதி, தொகை, ரசீது நகல் போதும்.