அக்காவுக்கு ஒரு ஏக்கர், தங்கைக்கு நாலு ஏக்கர்

2017-ல் ஒரு அக்காவும் தங்கையும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். (ஆள் யாரென்று தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அக்காவுக்கு 1988 ஆவணியில் கல்யாணம், தங்கைக்கு 1989 ஆவணியில். இருவருக்கும் பிறகு ஒரு தம்பி. தாத்தா 1940-களில் இறந்தபோது அப்பா கைக்கு வந்த ஒன்பது ஏக்கர் பூர்வீக நிலம். அம்மா முன்பே போய்விட்டார், அப்பா 2001-ல் உயில் எதுவும் எழுதாமல் இறந்தார். யாரும் பத்திரம் போட்டுப் பிரித்துக்கொள்ளவில்லை. தம்பி உழுதுகொண்டிருந்தார்.

"எங்களுக்கு என்ன வரும் வக்கீலம்மா?"

அன்றைய சட்ட நிலையைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். தம்பிக்கு நாலு ஏக்கர், தங்கைக்கு நாலு ஏக்கர், அக்காவுக்கு ஒரு ஏக்கர்.

அக்கா முதலில் சிரித்தார். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருப்பார். அப்புறம், "நான் என்னம்மா தப்புப் பண்ணினேன்?" என்றார். ஒரு வருஷம் முந்திக் கல்யாணம் செய்துகொண்டதுதான் தப்பு. அதை எப்படிச் சொல்வது?

தமிழ்நாடு சட்டமன்றம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளும் பிறப்பால் பங்காளி என்று ஆக்கியது. அந்தத் திருத்தம் செல்லுபடியானது 1989 மார்ச் 25 முதல். அதற்கு முன்பே கல்யாணமாகிப் போன மகள்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. தங்கை பங்காளி ஆனார். அக்காவுக்கு அப்பாவின் பங்கிலிருந்து வாரிசாகக் கிடைக்கும் துண்டு மட்டும்தான். மொத்த நிலத்தில் அப்பா, தம்பி, தங்கை மூவருக்கும் மும்மூன்று ஏக்கர். அப்பாவின் மூன்று ஏக்கரைப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் பிரித்தால் தலைக்கு ஒன்று. அந்த ஒன்று.

பெண்ணுரிமை வரலாறு என்றால் ஓட்டுரிமை ஊர்வலங்கள்தான் நம் நினைவுக்கு வரும். சொத்து வழக்கு பார்க்கிற எனக்கு ஓட்டும் நிலமும் ஒரே கதையாகத் தெரிகிறது. காரணம் சொல்கிறேன்.

1917-ல் சென்னை அடையாறில் மார்கரெட் கசின்ஸ், அன்னி பெசன்ட், டோரதி ஜினராஜதாசா முதலானோர் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த டிசம்பரிலேயே சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு சென்னையில் இந்தியா மந்திரி மாண்டேகுவையும் வைசிராய் செம்ஸ்போர்டையும் பார்த்து, பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்டது. 1919-ன் இந்திய அரசுச் சட்டம் நேராகப் பதில் சொல்லாமல், மாகாணங்கள் விரும்பினால் கொடுத்துக்கொள்ளட்டும் என்று தள்ளிவிட்டது. 1921-ல் சென்னை மாகாண சட்டசபை தீர்மானம் போட்டுக் கொடுத்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதில் சென்னைதான் முதல். இந்தப் பெருமையை நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம், சொல்லலாம்.

ஆனால் கிடைத்தது 'ஆண்களுக்கு உள்ள அதே தகுதியில்' ஓட்டு. அந்தத் தகுதி என்ன? நிலவரி, நகராட்சி வரி, வருமான வரி என்று ஏதோ ஒன்று உங்கள் பெயரில் போக வேண்டும். பெண் பெயரில் பட்டா இருந்த வீடு அன்று எத்தனை இருந்திருக்கும்? சட்டத்தில் கதவு திறந்திருந்தது, படியேறச் சொத்து இல்லை. 1935 சட்டத்தில் தகுதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கு ஓட்டு உண்டு, சொத்துள்ளவரின் மனைவிக்கும் விதவைக்கும் உண்டு. ஓட்டும் புருஷன் வழியாகத்தான் வந்தது.

1950-ல் அரசியலமைப்பு இதையெல்லாம் ஒரே வீச்சில் துடைத்துப் போட்டு, 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு என்றது. அப்புறமும் ஒரு சிக்கல். முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனவர்களிடம் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. 'இன்னார் மனைவி', 'இன்னார் அம்மா' என்றுதான் பதிந்திருந்தது. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், பெயர் தராதவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். ஏறத்தாழ 8 கோடி பெண் வாக்காளர்களில் சுமார் 28 லட்சம் பேர் இப்படி நீங்கினார்கள். பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கம். கடுமையான முடிவுதான். எனக்கு அது சரியென்றே படுகிறது. அடுத்த தேர்தலுக்குள் பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்ததே.

அந்த முதல் தேர்தல் தொடங்கிய அதே 1951-ல்தான், பெண்ணுக்குச் சொத்துரிமை தரும் இந்துச் சட்ட மசோதா முடங்கியதை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லி அம்பேத்கர் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். ஓட்டுக்கு ஒப்புக்கொண்ட சபை நிலத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு அந்த மசோதாவைத் துண்டு துண்டாக நிறைவேற்றினார்கள். அதில் ஒரு துண்டுதான் 1956-ன் வாரிசுரிமைச் சட்டம். அதற்கு முன், 1937 சட்டப்படி, விதவைக்குக் கிடைத்த பங்கு அவர் ஆயுள் வரைக்கும்தான். இஷ்டப்படி விற்க முடியாது, எழுதி வைக்க முடியாது. 1956 அதை முழு உரிமையாக்கியது. அப்பா தானே சம்பாதித்த சுயார்ஜித சொத்தில், உயில் இல்லாவிட்டால், மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்றது. பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் பங்கை மட்டும் தொடவில்லை. அங்கே ஆண்பிள்ளைதான் பங்காளி.

பெண்ணுக்கும் சமச் சொத்துரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அது நம் சட்டமாகச் செல்லுபடியானது 1989 முதல். சரியாக அறுபது வருஷம். வந்தபோதும் அக்காவை வெளியே நிறுத்திவிட்டு வந்தது.

2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டமே திருந்தியது. கல்யாணமான மகள், ஆகாத மகள் என்ற பேதம் போனது. அக்காவுக்கு ஏன் அப்போதே கிடைக்கவில்லை என்று கேட்பீர்கள். அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்குப் பங்கு என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இவர்கள் அப்பா 2001-லேயே இறந்துவிட்டார். அதனால்தான் 2017-ல் நான் ஒரு ஏக்கர் என்றேன். 2018-ல் வேறொரு அமர்வு வேறு மாதிரி தீர்ப்புச் சொல்ல, எங்களுக்கே குழப்பம். 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு முடித்துவைத்தது: மகளின் உரிமை பிறப்பால் வருவது, அப்பா அன்று இருந்தாரா இல்லையா என்பது பொருட்டே இல்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ பிரித்து முடித்திருந்தால் அதைக் கிளற முடியாது.

கொரோனா நேரம். அக்காவுக்கு நானே போன் போட்டேன். "மூணு ஏக்கர்க்கா. மூணு பேருக்கும் மும்மூணு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்ப தங்கச்சிக்கு ஒண்ணு குறையுமே?" என்றுதான் முதலில் கேட்டார். குறையும் என்றேன். தங்கைக்கு அதில் சந்தோஷம் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். ஒரு மாதம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

பங்கு இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அது கைக்கு வருவதில்லை. என்னிடம் வரும் பெண்களில் பலர் ஏற்கெனவே விடுதலைப் பத்திரத்தில், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்துப் போட்டவர்கள். பொங்கல் சீர் கொண்டுவந்த கையோடு அண்ணன் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போயிருப்பார். 'பேங்க் லோனுக்கு', 'பட்டா மாத்த' என்று ஏதோ ஒரு காரணம். பத்திரத்தில் ஒரு தொகையைப் 'பெற்றுக்கொண்டேன்' என்று இருக்கும், கையில் ஒரு பட்டுப்புடவை வந்திருக்கும். விட்டுக்கொடுப்பதும் உங்கள் உரிமைதான், அதை நான் தடுக்க மாட்டேன். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற பயமும் எனக்குப் புரியும். என்ன விட்டுக்கொடுக்கிறோம், அதன் மதிப்பு எவ்வளவு என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பதிவானால் அது உங்களைக் கட்டும். ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்றால், அது தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் ரத்து கேட்டு வழக்குப் போட வேண்டும். அதே சமயம், "எனக்கு வேண்டாம்னு வாயால சொல்லிட்டேனே" என்று கவலைப்படுகிறவர்களுக்கு: வாய்ச்சொல்லால் நிலத்தின் உரிமை போகாது. நகையும் சீரும் செய்தார்கள் என்பதாலும் போகாது.

இன்னொன்று வாரிசுச் சான்று. கட்டிக்கொடுத்த மகள்களின் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பிப்பது சர்வ சாதாரணம். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும்போது நீங்கள் புகுந்த வீட்டில் இருப்பீர்கள், உங்களுக்குத் தெரியாது. அப்பா இறந்து சில மாதங்களுக்குள் சான்று வாங்கிவிட்டார்களா என்று விசாரியுங்கள். பெயர் விடுபட்டிருந்தால் தாசில்தாரிடம் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். பட்டா தம்பி பெயரில் மாறிவிட்டதே என்று மலைத்து உட்காரவும் வேண்டாம். பட்டா வருவாய்த்துறைப் பதிவு, உரிமைப் பத்திரம் ஆகாது. (இந்தக் கணக்கெல்லாம் இந்துச் சட்டத்துக்கு. இஸ்லாமியக் குடும்பங்களுக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள், அவற்றைத் தனியாக எழுத வேண்டும்.)

அந்த ஒன்பது ஏக்கர் வழக்குக்குப் போகவில்லை. தம்பி ஒரு வருஷம் இழுத்தார், பிறகு உட்கார்ந்து பேசினார். கிணற்றுப் பாத்தியதைக்குத்தான் நிலத்தைவிட அதிக நேரம் பிடித்தது. பாகப்பிரிவினைப் பத்திரத்தின் வரைவைப் பத்திர எழுத்தர் வாசித்தபோது, அக்காவின் பெயருக்கு முன்னால் வழக்கம்போல க/பெ என்று கணவர் பெயர் இருந்தது.

"இது எங்க அப்பா நிலம்தானே," என்றார் அக்கா. "த/பெ-னு போடுங்க."

எழுத்தர் என்னைப் பார்த்தார். ஆதாரில் கணவர் பெயர் இருக்கிறதே என்றார். இரண்டையும் போடுங்கள், அப்பா பெயர் முதலில் இருக்கட்டும் என்றேன்.