சைற்றேசன்: மேற்கோளா, சுட்டுகையா?

சிறுநீரியல் (யூரோலொஜி) ஆய்வாளர் ஒருவரின் சுயவிபரக்கோவையில் "பப்ளிகேசன் 38, சைற்றேசன் 412, எச்-இன்டெக்ஸ் 11" என்பது போல ஒரு வரி இருக்கும். இதைத் தமிழில் எழுதப்போனால், முதலாவது வெளியீடு, அதில் சிக்கல் இல்லை. இடறுவது சைற்றேசனில்தான், அதாவது ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் ஆதாரமாகக் குறிப்பிடுவதில்.

இலத்தீனில் 'சித்தாரே' என்றால் அழைப்பித்தல். ஆங்கிலத்தில் அது முதலில் நீதிமன்றத்துக்கு வரச்சொல்வதைக் குறித்தது. நாங்கள் அழைப்பாணை என்கிறோமே, அதேதான். பிறகு பழைய தீர்ப்பொன்றைச் சாட்சிக்கு அழைப்பதற்கும் அந்தச் சொல்லே வந்தது. எந்தத் தீர்ப்பைப் பின்வந்த எந்தத் தீர்ப்புகள் அழைத்தன என்று அமெரிக்காவில் ஷெப்பர்ட் என்பவர் 1873 இல் பட்டியலிடத் தொடங்கினார். அந்த முறையை அறிவியலுக்கு எடுத்துவந்தவர் யூஜின் கார்ஃபீல்ட்: யோசனை 1955, அச்சில் வந்த அட்டவணை 1964.

தமிழில் வழக்கமாக எழுதுவது 'மேற்கோள்'. இது பொருந்தாது. சிவஞானபோத வகுப்புக்குப் போனவர்களுக்கு மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற வரிசை நினைவிருக்கும். அங்கே மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கருத்து. இன்றைய வழக்கிலோ அது பிறர் சொன்னதை அப்படியே எடுத்துப் போடுவது, மேற்கோட்குறி அதற்குத்தான். சைற்றேசனில் ஒரு சொல்லைக்கூட எடுக்கத் தேவையில்லை. சிறுநீர்ப்பைச் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய சிக்கல்களைத் தரம்பிரிக்கும் கட்டுரை, 2004 இல் வந்த கிளேவியன்-டிண்டோ வகைப்பாட்டைப் பெரும்பாலும் ஒரு எண்ணால் சுட்டிவிட்டுப் போய்விடும். அதன் கருத்தை யாரும் அங்கே விவாதிப்பதில்லை, அளவுகோலாக எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஒரு கட்டுரையைப் பிழை என்று மறுப்பவரும் அதைச் சுட்டித்தான் ஆகவேண்டும். அதுவும் கணக்கில் ஒன்று. ஆகவே 'சுட்டுகை' என்பதே சரியான சொல். பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. விரல் நீட்டுவது மட்டும்.

எச்-இன்டெக்ஸை 'எச் சுட்டெண்' எனலாம். விலைச் சுட்டெண் எங்களுக்குப் பழகிய சொல். இதை 2005 இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ். அவர் மருத்துவரல்ல, பௌதிகவியலாளர். கணக்கு எளிது: எத்தனையாவது கட்டுரை வரை அதன் வரிசை எண்ணுக்குக் குறையாத சுட்டுகை இருக்கிறதோ, அதுவே எண். கட்டுரைகளைச் சுட்டுகை கூடியதிலிருந்து குறைந்தது வரை அடுக்குங்கள்: 41, 18, 9, 6, 5, 5, 2. ஐந்தாவது கட்டுரைக்கு 5 உண்டு. ஆறாவதற்கு 6 வேண்டும், இருப்பது 5. எனவே எண் 5. முதற்கட்டுரை 41 அல்ல, 400 பெற்றிருந்தாலும் எண் அசையாது. எண்ணின் பலமும் அதுதான், குறையும் அதுதான்.

துறைக்குள்ளேயே மேடு பள்ளம் உண்டு. புரொஸ்ரேற் புற்றுநோய்க் கட்டுரையைப் புற்றுநோய் மருத்துவர், நோயியலாளர், கதிரியக்கவியலாளர் எல்லோரும் சுட்டுவார்கள். சிறுநீர்வழிச் சுருக்கத்தைச் சீராக்கும் சத்திரசிகிச்சை பற்றி எழுதினால் வாசகர் சிலரே. இருவரின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை.

எங்கள் ஆட்களுக்கு மிகவும் அடிபடுவது பெயரில். தந்தை கந்தையா, பிள்ளை சிவராசா என்றால் ஒரு சஞ்சிகை சிவராசாவைக் குடும்பப்பெயராக எடுக்கும், இன்னொன்று கந்தையாவை எடுக்கும். ஆங்கிலத்தில் 'ராசா'வா 'ராஜா'வா என்பது வேறு. விளைவு: ஒரே ஆளின் கட்டுரைகள் மூன்று ஆட்களுக்குப் பங்குபோய் எச் சுட்டெண் விழும். முதற்கட்டுரைக்கு முன்பே ஓர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண்ணை இலவசமாக எடுத்து, ஒரே எழுத்துக்கூட்டலில் நிற்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் திரட்டும் கூகிள் ஸ்கொலரில் எதிர்ப்பிழையும் நடக்கும்: அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரை வந்து ஒட்டும். கையால்தான் நீக்கவேண்டும்.

துறைப் பெயரிலும் ஒரு எச்சரிக்கை. யூரோலொஜியின் 'ஊரோன்' கிரேக்கத்தில் சிறுநீர். எங்கள் பேச்சில் அது சலம்; ஆனால் சலரோகம் என்றால் நீரிழிவாகிவிடும். சிறுநீரகவியல் நெஃப்ரோலொஜிக்கு உரியது. சிறுநீரியல் என்பதே நிற்கும்.

கூகிள் ஸ்கொலர் ஆய்வேடுகளையும் எண்ணும். ஸ்கோப்பஸ் என்ற தரவுத்தளம் தான் தேர்ந்த சஞ்சிகைகளையே பெரும்பாலும் பார்க்கும். அதனால் கூகிள் ஸ்கொலர் காட்டும் எண் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். மூலமும் திகதியும் இல்லாமல் எண்ணை எழுதக்கூடாது: "வெளியீடுகள் 38, சுட்டுகைகள் 412, எச் சுட்டெண் 11 – ஸ்கோப்பஸ், மார்ச் 2024."